ஒரு வரிக்கு உரியவர் யார்?

நூலொன்றைக் கையில் எடுத்தவுடன் அதன் ஆசிரியர் யாரென்பதை முகப்பிலேயே அறிந்துகொள்ளலாம். அந்நூலால் வரும் புகழாயினும் பழியாயினும் அப்பெயருக்கு உரியவரையே சாரும். ஆனால், ஒரே பக்கத்தை நூறு பேர் கூடி எழுதுவார்களாயின் நிலைமை யாது? ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை இன்னொருவர் நிறைவு செய்கிறார். மூன்றாமவர் அதிலுள்ள எழுத்துப் பிழையைக் களைகிறார். நான்காமவர் அதனைப் பக்கத்தின் வேறோர் இடத்துக்கு மாற்றி வைக்கிறார். ஐந்தாமவர் கூறியது தவறெனக் கண்டு ஆறாமவர் அடித்துவிடுகிறார். இறுதியில் வாசகர் கண்முன் நிற்கும் பக்கத்தில் எந்தச் சொல் யாருடையது? கணினியின் துணைகொண்டு பலர் கூடி எழுதும் பழக்கம் பரவியுள்ள இக்காலத்தில், இவ்வினா எழுதுவோர்க்கும் வாசிப்போர்க்கும் ஒருங்கே உரியதாகிவிட்டது.

தமிழ் ஏடுகளின் வரலாற்றை அறிந்த நேயர்களுக்கு இவ்வினா புதியதன்று. பனையோலை பழுதுறும்போதெல்லாம் அதனைப் படியெடுத்து வைத்தனர் நம் முன்னோர். படியெடுத்தவர் சில வேளை ஒரு சொல்லை மாற்றினார். சில வேளை ஒரு செய்யுளையே புகுத்தினார். 19ஆம் நூற்றாண்டில் சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பழந்தமிழ் நூல்களை அச்சேற்ற முற்பட்டபோது, ஏட்டுக்கு ஏடு வேறுபட்ட பாடங்கள் அவர்களை எதிர்கொண்டன. மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்பதை ஒப்புநோக்கியும் உய்த்துணர்ந்துமே முடிவு செய்யவேண்டியிருந்தது. மாற்றியவர் தம் பெயரையும், மாற்றிய நாளையும், மாற்றியதற்கான காரணத்தையும் அவ்வப்போதே குறித்து வைத்திருப்பாராயின் அவ்வுழைப்பிற் பெரும்பகுதி மிஞ்சியிருக்கும். இந்தக் குறிப்பை மனிதனின் நினைவுக்கு விட்டுவிடாமல், மாற்றம் நிகழும் அக்கணத்திலேயே தானாக எழுதி வைக்கும் ஏற்பாடே பதிப்புக் கட்டுப்பாட்டு முறை என்று கணினித் துறையார் வழங்குவதாகும்.

இம்முறை முதலிற் கணினி நிரல் எழுதுவோரின் தேவைக்காக எழுந்தது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் மார்க் ரொச்கைண்ட் என்பார், நிரலொன்றின் ஒவ்வொரு திருத்தத்தையும் காத்து வைக்கும் கருவியொன்றை ஆக்கினார். 1982இல் வால்டர் டிக்கி வெளியிட்ட முறையும், 1986இல் டிக் குறூன் தொடங்கிய முறையும் அதனை வளர்த்தன. 2000ஆம் ஆண்டிற் சப்வேர்ஷன் என்னும் முறைக்கான பணி தொடங்கியது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், லினக்ஸ் என்னும் இயங்கு தளத்தை உருவாக்கிய லினஸ் டொர்வால்ட்ஸ், கிட் என்னும் முறையை அமைத்தார். இவை யாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. பழையதை அழித்துப் புதியதை எழுதாமல், ஒவ்வொரு பதிப்பையும் அடுத்தடுத்து அடுக்கி, மாற்றம் யாது, செய்தவர் யார், செய்த நேரம் எது, நோக்கம் என்ன என்னும் நான்கையும் உடன் சேர்த்துப் பதிவேட்டில் இடுவதே அது.

பலர் கூடி எழுதும் பக்கத்துக்கு விக்கி என்று பெயர். அமெரிக்கரான வார்ட் கன்னிங்காம் 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் முதலாவது விக்கியை இணையத்தில் நிறுவினார். ஹவாய்த் தீவு மக்களின் மொழியில் ‘விக்கி’ என்பது விரைவைக் குறிக்கும் சொல். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்துகளுக்கு ‘விக்கி விக்கி’ என்று பெயரிருந்ததை நினைவிற் கொண்டே அவர் இப்பெயரைத் தெரிந்தார். வாசிப்பவர் எவரும் அப்பக்கத்தைத் திருத்தலாம் என்பதே இதன் சிறப்பு. 2001ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் தொடங்கிய விக்கிப்பீடியா என்னும் கலைக்களஞ்சியம் இவ்வழியில் வளர்ந்தது. 2003ஆம் ஆண்டில் அதன் தமிழ்ப் பகுதி தோன்றியது. உலகின் பல பாகங்களில் வாழும் தமிழர் அதற்கு எழுதி வருகின்றனர்.

இனி, விக்கியையும் பதிப்புக் கட்டுப்பாட்டு முறையையும் இணைத்துவிட்டால் நலமன்றோ என்று சிலர் எண்ணினர். 2006ஆம் ஆண்டில் ஜோயி ஹெஸ் என்பவர் வெளியிட்ட இக்கிவிக்கி அவ்வாறு எழுந்தவற்றுள் ஒன்று. இதில் விக்கியின் பக்கங்கள் சாதாரணக் கோப்புகளாகவே இருக்கும்; அவற்றின் வரலாறு சப்வேர்ஷன் அல்லது கிட் போன்றதொரு முறையிற் பதிவாகும். நிரலின் வரலாற்றுக்கும் கட்டுரையின் வரலாற்றுக்கும் ஒரே பதிவேடு போதும். ஏற்பாடு எளிமையானது, எனினும் உடனே ஒரு சிக்கல் தலைகாட்டிற்று.

வாசகர் ஒருவர் தமது வீட்டிலிருந்து பக்கத்தைத் திருத்தி அனுப்புகிறார். அத்திருத்தத்தைப் பெற்றுப் பதிவேட்டில் இடுவது அவரல்லர். தொலைவிலுள்ள வழங்கிக் கணினி. ஆகவே பதிவேட்டைத் திறந்து பார்த்தால், ஆயிரம் பேர் செய்த திருத்தங்களும் அந்த ஒரே கணினியின் பெயரிலேயே காணப்படும். எழுதிய ஆயிரம் பேரும் மறைந்துபோவர். எழுதாத இயந்திரமே ஆசிரியராகும்.

கச்சேரி வாசலில் அமர்ந்து மனு எழுதிக் கொடுப்பவரை நேயர்கள் கண்டிருப்பர். ஏழை விவசாயி தன் குறையைச் சொல்கிறான். மனு எழுதுபவர் அதனைத் தம் கையெழுத்தில் எழுதுகிறார். கையெழுத்து அவருடையது என்பதற்காகக் குறையும் அவருடையது என்று எந்த உத்தியோகத்தரும் கொள்வதில்லை. மனுவின் கீழே விவசாயியின் கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ இருக்கிறது. மனுவில் எழுதியவர் வேறு, மனுதாரர் வேறு என்பது தெளிவாக நிற்கிறது. பதிவேட்டிலும் இவ்விரு இடங்கள் வேண்டும் என்பதே இங்கு நேர்ந்த தேவை.

சப்வேர்ஷன் முறையில் ஒரு பதிவுக்கு ஒரு பெயருக்கே இடமுண்டு. ஆதலால் இக்கிவிக்கி தொடக்கத்தில் ஓர் உபாயத்தைக் கையாண்டது. இன்னார் இணையத்தின் வழியாகச் செய்த திருத்தம் இது என்னும் தொடரைக் குறிப்புரையின் தலைப்பில் எழுதி வைத்து, பின்னர் அக்குறிப்பைப் படித்தே பெயரை மீட்டுக்கொண்டது. கிட் முறையிலோ இரு பெயர்களுக்கு இயல்பாகவே இடமுண்டு. ஆக்கியோர் ஒருவர், பதிவிட்டோர் மற்றொருவர். லினக்ஸ் பணியில் ஒருவர் எழுதிய திருத்தம் மின்னஞ்சல் வழியாக வந்து சேரும். பொறுப்பாளர் ஒருவர் அதனை ஆராய்ந்து பதிவேட்டில் இடுவார். அப்பணியின் பழக்கமே இவ்விரு இடங்களைத் தந்தது. விக்கியை நடத்துவோர் செய்யவேண்டியது, உட்புகுந்த பயனரின் பெயரை ஆக்கியோர் இடத்திலும் கணினியின் பெயரைப் பதிவிட்டோர் இடத்திலும் இடும்படி கட்டளை அமைப்பதேயாகும். விக்கியின் பயனர் பெயர் இன்ன மனிதரைக் குறிக்கும் என்பதற்கு ஓர் அட்டவணையும் வைத்துக்கொண்டால், பழைய விக்கியொன்றை முழுவதுமாகப் புதிய பதிவேட்டுக்கு மாற்றும்போதும் பெயர்கள் சிதையாமற் காக்கலாம்.

இந்தக் கவனம் தவறினால், அல்லது வரலாற்றை விடுத்து எழுத்தை மட்டும் கொண்டுவந்தால் விளைவது யாதென்பதற்கு லினக்ஸே சான்று. 1991ஆம் ஆண்டிலிருந்து பலர் உழைப்பில் வளர்ந்த அந்நிரல், 2005ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் கிட் முறைக்கு மாறியபோது, அதற்கு முந்திய வரலாறு உடன் சேர்க்கப்படவில்லை. அன்றிருந்த நிலையே முதற் பதிவாயிற்று. அதனால், அந்தத் திகதிக்கு முன் எழுதப்பட்டு இன்னும் மாறாதிருக்கும் வரியொன்றை எழுதியவர் யாரென்று அப்பதிவேட்டைக் கேட்டால், டொர்வால்ட்ஸ் என்ற பெயரையே அது கூறும். அவர் பிறர் உழைப்பைத் தமதென்று உரிமை கோரினாரல்லர்; வரலாறு விடுபட்டதை அம்முதற் பதிவின் குறிப்பிலேயே கூறியுமிருக்கிறார். ஆயினும் இயந்திரம் தனக்குத் தெரிந்ததையே சொல்லும். பழைய பதிவுகளைத் தேடித் திரட்டிப் பின்னர் இணைத்துப் பார்க்கும் வழிகளைப் பிறர் அமைக்கவேண்டியதாயிற்று.

விக்கிப்பீடியாவுக்கும் இத்தகைய குறை நேர்ந்தது. அதன் முதல் மாதங்களிற் பயன்பட்ட விக்கி நிரல் பழைய பதிப்புகளை நெடுங்காலம் காத்து வைக்கவில்லை. ஆகவே தொடக்கக் காலத்துத் திருத்தங்கள் பல மறைந்தனவென்றே கருதப்பட்டன. 2010ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அதன் நிரலாளர்களுள் ஒருவரான டிம் ஸ்டார்லிங், பழைய காப்புக் கோப்புகளிடையே 2001ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களுக்குரிய பதிவுகளைக் கண்டெடுத்தார். பரணிற் கிடந்த ஏடு கிடைத்தது போன்றதே அந்நிகழ்ச்சி.

பெயர்கள் சரியாகப் பதிவாகிவிட்டன என்றே கொள்வோம். அதன் பின்னும், இன்று காணும் பக்கத்தில் ஒவ்வொரு சொல்லும் யாருடையது என்று பிரித்தறிதல் எளிதன்று. முறை இதுதான்: அடுத்தடுத்த இரு பதிப்புகளை ஒப்பிட்டு, இரண்டிலும் மாறாதிருப்பதைப் பழையவருக்கும், புதிதாகத் தோன்றியதைப் புதியவருக்கும் உரியதாக்குதல். இவ்வொப்பீட்டைச் செய்யும் கணக்கு வழியொன்றை 1976ஆம் ஆண்டில் ஹண்ட், மக்கில்றோய் என்னும் இருவர் விளக்கினர். நிரல்களில் இது வரிவரியாக நடைபெறும். நிரலின் வரி குறுகியது. ஒரு வரியை மாற்றியவர் பெரும்பாலும் அவ்வரியின் கருத்தையே மாற்றியவராயிருப்பார். ஆனால் விக்கியில் ஒரு பந்தி முழுவதும் ஒரே வரியாகவே கணினிக்குத் தோன்றும். அங்கே ஒரு காற்புள்ளியை இட்டவருக்குப் பந்தி முழுவதும் சொந்தமாகிவிடும்.

ஓர் உதாரணத்தைக் காண்போம். முதலாமவர், ‘இரணைமடு ஒரு பெரிய குளம்’ என்று எழுதுகிறார். இரண்டாமவர், ‘கிளிநொச்சிக்கு அருகிலுள்ள’ என்னும் இரு சொற்களை அதன் முன்னே சேர்க்கிறார். மூன்றாமவர், ‘குளம்’ என்பதன் முன் ‘நீர்ப்பாசனக்’ என்னும் ஒரு சொல்லை இடுகிறார். வரிவழிக் கணக்கில் இவ்வாக்கியம் முழுவதும் மூன்றாமவருடையது. சொல்வழிக் கணக்கிலோ, ஏழு சொற்களில் நான்கு முதலாமவருடையவை, இரண்டு இரண்டாமவருடையவை, ஒன்று மட்டுமே மூன்றாமவருடையது. பின்னர் விஷமி ஒருவன் வந்து பக்கத்தையே வெறுமையாக்கிவிடுகிறான். ஐந்தாமவர் அதனைக் கண்டு பழைய பதிப்பை மீட்டு வைக்கிறார். அடுத்தடுத்த இரு பதிப்புகளை மட்டும் ஒப்பிடும் கணக்கு, வெறும் பக்கத்தில் இத்தனை சொற்களையும் எழுதியவர் ஐந்தாமவரே என்று தீர்ப்பளிக்கும். திருட்டுப்போன மாட்டை மீட்டுத் தந்தவருக்கே மாடு சொந்தம் என்பது போன்றதே இத்தீர்ப்பு.

இக்குறையை நீக்க ஆய்வாளர் முயன்றனர். 2003ஆம் ஆண்டில் பெர்னாண்டா வியேகாஸ், மார்ட்டின் வாட்டென்பேர்க் என்னும் இருவர், விக்கிப் பக்கமொன்றில் ஒவ்வொருவரின் எழுத்தும் காலந்தோறும் நிலைத்தும் மறைந்தும் போவதை வண்ணப் பட்டைகளாக வரைந்து காட்டினர். 2014ஆம் ஆண்டில் வெளிவந்த விக்கிஹூ என்னும் முறை, அழிக்கப்பட்ட சொற்களையும் நினைவிற் கொண்டு, அவை மீண்டும் தோன்றும்போது முதலில் எழுதியவருக்கே அவற்றை உரியதாக்குகிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு, விக்கிப்பீடியாப் பக்கத்தில் ஒரு சொல்லைத் தொட்டவுடன் அதனை எழுதியவரைக் காட்டும் கருவியொன்று 2020ஆம் ஆண்டிற் சில மொழிகளுக்குக் கிடைத்தது. கிட் முறையும் வெற்றிடங்களை மட்டும் மாற்றியவரைக் கணக்கில் எடாதிருக்கவும், ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்ந்த வரிகளைக் கண்டுகொள்ளவும் வழிகளைத் தருகிறது. ஒழுங்குபடுத்துவதற்காகவே செய்யப்பட்ட பதிவுகளைப் பெயர் சுட்டி ஒதுக்கிவிடும் வசதி 2019ஆம் ஆண்டில் அதனிற் சேர்க்கப்பட்டது.

வரிக்கு உரியவரைக் கேட்கும் கட்டளைக்குச் சப்வேர்ஷன் முறையில் மூன்று பெயர்கள் உள. ஒன்று பழித்தல் என்று பொருள்படும், மற்றொன்று புகழ்தல், இன்னொன்று குறிப்புரைத்தல். எந்தப் பெயராற் கேட்டாலும் விடை ஒன்றே. பிழையைக் கண்டு சினந்து கேட்பவரும் நயத்தைக் கண்டு வியந்து கேட்பவரும் ஒரே ஏட்டையே புரட்டுகின்றனர்.

இவ்வேட்டிலுள்ள பெயரை எவ்வளவு நம்பலாம்? கிட் முறையில் ஆக்கியோர் பெயர் என்பது பயனர் தாமே எழுதிக்கொள்வது. வேறொருவர் பெயரை எழுதிவிட்டாலும் இயந்திரம் தடுப்பதில்லை. ஆகவே உறுதி வேண்டுவோர் இலக்கமுறைக் கையொப்பத்தைச் சேர்க்கின்றனர். பெயர் மெய்யாயிருப்பினும், எழுதியதைப் பிறருக்கு வழங்க அவருக்கு உரிமை உண்டா என்பது அடுத்த வினா. 2003ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எஸ்.சி.ஓ. என்னும் நிறுவனம், யுனிக்ஸ் நிரலின் பகுதிகள் லினக்ஸிற் புகுத்தப்பட்டன என்று கூறி ஐ.பி.எம். நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. வழக்கு நெடுங்காலம் நடந்து 2021ஆம் ஆண்டிற் சமரசத்தில் முடிந்தது. அவ்வழக்கு நடக்கும்போதே, 2004ஆம் ஆண்டு மே மாதத்தில், லினக்ஸ் பணிக்குத் திருத்தம் அனுப்புவோர் ஒவ்வொருவரும், இதனை வழங்க எனக்கு உரிமை உண்டு என்னும் உறுதிமொழியைத் தம் பெயருடன் ஒரு வரியாகச் சேர்க்கும் வழக்கம் ஏற்பட்டது.

பெயரில்லா எழுத்து மனிதரொருவரை எவ்வளவு வருத்தும் என்பதை 2005ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று உணர்த்தியது. அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜோன் சைகென்தாலர் ஒருகாலத்தில் ரொபேர்ட் கென்னடியின் உதவியாளராயிருந்தவர். அவரைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தில், கென்னடி சகோதரர் இருவரின் கொலையிலும் அவருக்குத் தொடர்பிருந்ததாக ஒருகாலத்திற் கருதப்பட்டது என்னும் முழுப் பொய் அவ்வாண்டு மே மாதத்தில் எழுதப்பட்டது. நான்கு மாதங்களுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. கணினியின் இணைய முகவரி எண் மட்டுமே பதிவாகியிருந்தது. அந்த எண்ணைக் கொண்டு தேடியே, அவ்வாண்டு இறுதியில் எழுதியவர் யாரென்பது வெளிப்பட்டது. விளையாட்டாகச் செய்ததாகக் கூறி அவர் மன்னிப்புக் கோரினார். அதன் பின்னர் ஆங்கில விக்கிப்பீடியாவிற் புதுப் பக்கங்களைத் தொடங்குவோர் பயனர் கணக்கு வைத்திருத்தல் வேண்டும் என்னும் விதி வகுக்கப்பட்டது.

பழிக்கு மட்டுமன்றி உரிமைக்கும் இப்பதிவேடே ஆதாரம். விக்கிப்பீடியாவில் எழுதுவோர் கூலி பெறுவதில்லை. எவரும் எடுத்தாளலாம், ஆனால் எழுதியவரைச் சுட்டவேண்டும் என்னும் நிபந்தனையுடனேயே அவர்கள் தம் எழுத்தை வழங்குகின்றனர். 2008ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேர்ட்டெல்ஸ்மான் பதிப்பகம், ஜெர்மன் விக்கிப்பீடியாவிலிருந்து கட்டுரைகளைச் சுருக்கி ஒரே நூலாக அச்சிட்டபோது, ஏறத்தாழ 90,000 பெயர்களை மிகச் சிறிய எழுத்தில் அந்நூலிலேயே வெளியிட்டது. 2015ஆம் ஆண்டில் மைக்கேல் மான்டிபேர்க் என்னும் கலைஞர் ஆங்கில விக்கிப்பீடியா முழுவதையும் அச்சு நூலாக அமைத்துக் காட்டியபோது, எழுதியோர் பெயர்ப்பட்டியலுக்கு மட்டும் 36 தொகுதிகள் வேண்டியிருந்தன. மிகப் பல பெயர்கள். பலரும் அறியாத பெயர்கள். எனினும், ஊர்க்கோயிற் சுவரிற் பத்து ரூபா கொடுத்தவர் பெயரும் பொறிக்கப்படுவது போல, ஒரு சொல்லைத் திருத்தியவர் பெயரும் அங்கே இடம்பெற்றது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரசாலோ அயலாராலோ துன்பம் நேருமென அஞ்சும் ஒருவர் தம் உண்மைப் பெயரில் எழுத இயலாதவராயிருக்கலாம். திருமணத்தாலோ பிற காரணத்தாலோ பெயரை மாற்றிக்கொண்டவர், பழைய பெயர் தம்மைத் தொடர்வதை விரும்பாதிருக்கலாம். கிட் முறையில் ஒவ்வொரு பதிவும் அதற்கு முந்திய பதிவின் அடையாள எண்ணைத் தன்னுட் கொண்டது. ஆகையால் நடுவிலுள்ள ஒரு பெயரை மாற்றினால் அதன் பின்வந்த யாவும் மாறிப்போகும். பழைய பெயரைப் புதிய பெயராகக் காட்டும் பெயர்ப்பட்டியற் கோப்பொன்று இதற்குத் துணைசெய்கிறது. காட்சியில் மட்டுமே பெயர் மாறும், மூலத்தில் அது நிலைத்திருக்கும். விக்கிப்பீடியாவிலும், கணக்கின்றி எழுதுவோரின் இணைய முகவரி எண்ணை எல்லோருக்கும் காட்டாமல் தற்காலிகப் பெயரொன்றை வழங்கும் ஏற்பாடு 2024ஆம் ஆண்டிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். எழுத்துக்கு உரியவரைக் குறித்தல் என்பது அவருடைய வீட்டு விலாசத்தை உலகுக்கு அறிவித்தலன்று. இன்று இதனை எழுதியவரும் நேற்று அதனை எழுதியவரும் ஒருவரே என்று கூறக்கூடிய ஒரு பெயர் போதும். புனைபெயரில் எழுதிய எழுத்தாளர் தமிழிலும் பலருளர். அவர்களின் எழுத்துக்கு உரியவர் இல்லையென்று எவரும் கூறியதில்லை. நிலையான ஒரு பெயர் இருந்தால் அதனிடம் விளக்கம் கேட்கலாம், நன்றியும் கூறலாம். பெயரே இல்லாவிடத்து இரண்டும் இயலா.

ஆகவே விக்கியொன்றை அமைக்க முற்படும் பாடசாலையாயினும், வாசகசாலையாயினும், ஊர்ச்சங்கமாயினும், முதல் நாளிலேயே மூன்று காரியங்களைக் கவனித்தல் நன்று. எழுதியவர் பெயரும் பதிவிட்ட இயந்திரத்தின் பெயரும் வெவ்வேறிடத்தில் நிற்கவேண்டும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாறும்போது எழுத்துடன் அதன் வரலாறும் செல்லவேண்டும். பிறர் எழுதியதை எடுத்தாண்டால் எங்கிருந்து எடுத்தது என்பதைக் குறிப்புரையில் எழுதவேண்டும். முதல் நாளில் இவற்றுக்குச் சில நிமிடங்கள் போதும். பத்தாண்டு கழித்துச் செய்ய முற்படுவோர், ஏடுகளை ஒப்புநோக்கிய பழம் பதிப்பாசிரியர் பட்ட பாட்டையே படவேண்டியிருக்கும். அப்பொழுதும் சில பெயர்கள் கிடையாமலே போகும்.